ஜன்னலோரத்து இடம்

மலைமேல் ஏறுகிற பஸ்ஸில் ஜன்னலோரத்து இடம் யாருக்குச் சேர வேண்டும்?

கேள்வி அற்பமாகத் தோன்றும். முதலில் ஏறி உட்கார்ந்தவருக்கு என்று பதில் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடலாம். கண்டக்டரைக் கேட்டால் அவரும் அதைத்தான் சொல்வார். ஆனால் சில்லறைத் தகராறு என்று நாம் ஒதுக்கிவிடுகிற விஷயங்களுக்குள்ளேதான் பெரிய நியாயங்கள் பதுங்கிக்கொண்டிருக்கின்றன. ரேஷன் கடை வரிசையிலும், குழாயடியிலும், பஸ்ஸிலும் ஒரு மனிதன் நடந்துகொள்கிற விதத்தில் தெரிகிற அளவுக்கு அவனுடைய தர்மம் மேடைப் பேச்சில் தெரிவதில்லை.

சமவெளியில் ஜன்னல் என்பது காற்றைப் பற்றிய விவகாரம். மலையில் அது காட்சியைப் பற்றிய விவகாரம் ஆகிவிடுகிறது. கீழே ஊர்கள் சிறுத்துக்கொண்டே போகின்றன. ஏரிகள் கண்ணாடித் துண்டுகளாக மின்னுகின்றன. வளைவுக்கு வளைவு ஒரு புதிய பள்ளத்தாக்கு திறக்கிறது. இதைப் பார்ப்பதற்கென்றே பஸ் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அந்த ஜாதி. அதே பஸ்ஸில், மலைமேல் வீடு இருப்பதனால் ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள். பஸ் ஒன்று, பாதை ஒன்று, டிக்கெட்டும் ஒரே விலை. ஆனால் எங்களுக்குப் பிரயாணமே காரியம். அவர்களுக்கோ பிரயாணம், காரியத்துக்காகக் கொடுக்கிற விலை.

வேடிக்கைக்காகவே செய்கிற பிரயாணத்துக்கு நம் நாட்டில் மிகச் சிறந்த உதாரணம் நீலகிரி மலை ரயில். குன்னூர் வரை 1899-லும் உதகமண்டலம் வரை 1908-லும் வந்து சேர்ந்த அந்த ரயில், தண்டவாளத்துக்கு நடுவே பதித்த பல்வரிசையைச் சக்கரத்தால் கவ்விப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. பன்னிரண்டு அடி போனால் ஏறக்குறைய ஓர் அடி உயரம், அப்படிப்பட்ட ஏற்றம். கோடை வெயிலுக்குத் தப்பி ஓடிய வெள்ளைக்காரத் துரைமார்களுக்கு அது உபயோகப்பட்டது. 2005-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகரித்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர் ஏறுவதற்கு அதற்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகிறது. பஸ் அதைவிட வெகு சீக்கிரம் போய்விடும். என்றாலும் ரயிலில் இடம் கிடைப்பதுதான் அரிது. மெதுவாகப் போவதே அங்கே சுகம். ஆனால் ஊட்டியிலேயே குடியிருக்கிற ஒருவர் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு அவசரமாகப் போக வேண்டியிருந்தால் அந்த ரயிலை நினைத்துக்கூடப் பார்க்கமாட்டார். மெதுவாகப் போவது சுகம் என்று சொல்ல வேண்டுமானால், எங்கேயும் போய்ச் சேர வேண்டிய அவசியம் இல்லாதவராக இருக்க வேண்டும்.

ரயிலும் உலகப் புகழும் இல்லாத மலை ஒன்றுக்கு உங்களை அழைத்துப் போகிறேன். புதூர்நாடு ஜவ்வாது மலையின்மேல் இருக்கிறது. 'நாடு' என்று பெயர் இருந்தாலும் அது மலைக் கிராமந்தான். 2019 நவம்பர் வரையில் வேலூர் மாவட்டத்தில் இருந்தது. பிறகு திருப்பத்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்தபோது அதோடு சேர்ந்துகொண்டது. அங்கே வசிக்கிற பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்து மலையாளத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை; மலையில் வாழ்கிறவர்கள் என்பதுதான் அர்த்தம். சாமை விதைக்கிறார்கள். புளி, தேன், பலா, சீத்தாப்பழம் இவற்றைக் கீழே கொண்டுவந்து விற்கிறார்கள். ஒரு காலத்தில் ஜவ்வாது மலை என்றாலே சந்தனம் நினைவுக்கு வரும். இப்போது சந்தன மரத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஓர் ஐப்பசி மாதத்தில் திருப்பத்தூரிலிருந்து புதூர்நாட்டுக்குப் பஸ்ஸில் போனேன். எனக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. மழை பெய்து ஓய்ந்திருந்தது; மலையைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை, அவ்வளவுதான். ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தேன். பஸ் புறப்படுகிற சமயத்தில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு கிழவி ஏறி வந்தாள். ஒரு கையில் ஆஸ்பத்திரிச் சீட்டும் மாத்திரைகளும் வைத்த பை. இன்னொரு கையில் ஓர் எலுமிச்சம்பழம்.

"ஏங்கண்ணு, அந்த ஓரத்தை எனக்குக் குடுக்கிறியா? மலை ஏறுனா எனக்கு ஒமட்டும்" என்றாள்.

"வாங்க ஆயா, உட்காருங்க" என்று நகர்ந்துகொண்டேன். நான் காட்சிக்காகப் பிடித்து வைத்திருந்த ஜன்னல் அவளுக்கு வாந்திக்காக வேண்டியிருந்தது. இரண்டு தேவைகளில் எது பெரிது என்று யோசிப்பதற்கு அங்கே தர்ம சாஸ்திரம் வேண்டியதில்லை.

நான்கைந்து வளைவுகள் வரையில் கிழவி எலுமிச்சம்பழத்தை மூக்கருகில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். பிறகு குமட்டல் அடங்கிவிட்டது போலிருக்கிறது. கண்ணைத் திறந்து வெளியே பார்க்க ஆரம்பித்தாள். நான் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "பாரு, நல்லாப் பாரு" என்று சற்றுப் பின்னால் சாய்ந்து வழிவிட்டாள்.

"அங்க மஞ்சளாத் தெரியுதே, சாமை. எங்க அண்ணன் மவன் கொல்லை. போன வருசம் காட்டுப்பன்னி பூந்து பாதிய அழிச்சிட்டுது. இந்த வருசம் தேவலாம். அதோ ஒசரத்துல ஒத்தை மரம் நிக்குது பாரு. சின்னப் புள்ளையில நடந்துதான் ஏறுவோம். அந்த மரத்துக்கிட்ட வந்ததும் குந்திக்கிட்டுக் கீழ பாத்துக்கிட்டே இருப்போம். அம்மாங்காட்டியும் அளகா இருக்கும்."

"தினமும் பார்த்துப் பார்த்து உங்களுக்குப் பழகிப்போயிருக்குமே, ஆயா?" என்றேன்.

அவள் என்னை ஒரு தினுசாகப் பார்த்தாள். "பழகிட்டா அளகு போயிடுமா? பெத்த புள்ள மொகம் பழகுனதுதான். அதுக்கோசரம் பாக்காம இருக்கமா?"

கொஞ்ச நேரம் கழித்து, புதூர்நாட்டில் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தாள். யாரும் இல்லை, சும்மா பார்க்க வந்தேன் என்றேன். "சும்மாவா!" என்று சிரித்தாள். பிறகு கவலையோடு, "திரும்பிப் போற பஸ்ஸு எப்பன்னு இப்பவே கேட்டு வச்சிக்க. அதை வுட்டுட்டா ராத்திரிக்கு எங்க போவ?" என்று எச்சரித்தாள்.

எழுத்தாளன் எதையாவது இரண்டாகப் பிரித்து வைத்தால்தான் எழுத வசதியாக இருக்கும். பார்க்க வந்தவர்கள் ஒரு பக்கம், பார்க்க நேரமில்லாத ஏழைகள் மறு பக்கம் என்று பிரித்துவிட்டால் கட்டுரை தானாக நடக்கும். ஆனால் அந்தப் பிரிவினை அந்தக் கிழவியிடம் செல்லவில்லை. நான் பார்த்த பச்சையும் மஞ்சளும் அவள் கண்ணிலும் பட்டன. அதோடு யாருடைய கொல்லை, எந்த வருஷத்துப் பன்றி, எந்த மரத்தடியில் எத்தனை நாள் உட்கார்ந்தோம் என்பதையும் சேர்த்துப் பார்த்தாள். காட்சியை என்னைவிட அதிகமாக அநுபவித்தவள் அவள்தான்.

ஆகவே, அழகு உணர்ச்சி படித்தவர்களுக்கும் ஓய்வு உள்ளவர்களுக்கும் மட்டும் உரியது என்ற எண்ணத்தை முதலில் கைவிட வேண்டும். இந்த எண்ணம் சாதாரண மனிதர்களுக்கு மட்டும் வருவதன்று. மகா கவிகளுக்கே வந்திருக்கிறது. இங்கிலாந்தில் ஏரிகளும் குன்றுகளும் நிறைந்த பிரதேசத்தில் வாழ்ந்து, அந்த இயற்கையையே பாடிப் புகழ் பெற்றவர் வேர்ட்ஸ்வொர்த். 1844-ல் கெண்டல் நகரிலிருந்து விண்டர்மியர் ஏரியை நோக்கி ரயில் பாதை போடத் திட்டம் வந்தபோது அவர் கொதித்து எழுந்தார். கவிதை எழுதினார், பத்திரிகைக்குக் கடிதங்கள் எழுதினார். அமைதி குலையும் என்றார். அது நியாயமான கவலைதான். அதோடு நிற்காமல், இயற்கை அழகை ரசிக்கப் பயிற்சி வேண்டும், தொழிற்சாலை ஊர்களிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகிறவர்களுக்கு அது வாய்க்காது என்ற பொருளிலும் வாதாடினார். 1847-ல் ரயில் வந்தது. பஞ்சாலைத் தொழிலாளிகளும் ஏரியைப் பார்த்தார்கள். ரசிப்பதற்குப் பயிற்சி வேண்டும் என்றால், பார்க்கவே விடாமல் எங்கே போய்ப் பயிற்சி பெறுவது? கவி அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அப்படியானால் எனக்கும் அந்தக் கிழவிக்கும் வித்தியாசமே இல்லையா? இருக்கிறது. வேறோர் இடத்தில் இருக்கிறது. நான் அன்றைக்குப் பிரயாணம் வேண்டாம் என்று இருந்திருக்கலாம். மழை பலமாக இருந்தால் திருப்பத்தூரிலேயே காப்பி குடித்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். அவளுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. மாத்திரை கீழே இருக்கிறது. வீடு மேலே இருக்கிறது. 'வேண்டாம்' என்று சொல்லக்கூடியவனுக்கும் சொல்ல முடியாதவளுக்கும் உள்ள வித்தியாசந்தான் எங்களுக்கு இடையே இருந்தது.

மலைப்பாதையில் பயம் என்பதும் இப்படித்தான். கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸின் பின்பக்கம் பள்ளத்துக்கு மேலே ஊசலாடுகிறபோது எங்களைப் போன்றவர்களுக்கு உடம்பு சிலிர்க்கிறது. திரும்பி வந்து நண்பர்களிடம் அதைச் சுவையாக வர்ணிக்கிறோம். தானாகத் தேடிக்கொண்ட பயத்தில் இனிப்பு இருக்கிறது. மாதம் நாலு தடவை அதே வளைவில் போய்த்தான் ஆக வேண்டும் என்கிறவர்களுக்கு அது வெறும் பயம். கொஞ்ச நாளில் அந்தப் பயமும் மரத்துப்போய்விடும். அதுதான் அபாயம்.

2022 ஏப்ரல் 2-ஆம் தேதி யுகாதிப் பண்டிகை. புதூர்நாட்டை ஒட்டிய புலியூர் கிராமத்து ஜனங்கள் சேம்பரை மலைக் கோயிலுக்குச் சுவாமி தரிசனம் செய்யப் புறப்பட்டார்கள். அவர்கள் போனது மூட்டை முடிச்சு ஏற்றுகிற ஒரு சரக்கு வேனில். வழியில் அது பள்ளத்தில் கவிழ்ந்துவிட்டது. பதினொரு பேர் இறந்துபோனார்கள்.

செய்தி வந்த மறுநாள் எங்கும் ஒரே பேச்சு. "சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றக் கூடாது என்று சட்டம் இருக்கிறதே! அபாயம் என்று தெரிந்தும் ஏன் ஏறினார்கள்?" இப்படிக் கேட்டவர்கள் கெட்டவர்கள் அல்ல. சட்டத்தைப் பற்றி அவர்கள் சொன்னதும் உண்மைதான். இருந்தாலும் அந்தக் கேள்வி என் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. நிதானமாக யோசித்தபோது அதன் காரணம் புலப்பட்டது.

நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில் அந்த வேன் கவிழ்ந்திருந்தால் யாரும் அப்படிக் கேட்டிருக்கமாட்டார்கள். "பாவம், வேறு வழி ஏது?" என்று சொல்லியிருப்பார்கள். அவர்கள் பண்டிகைக்குப் போனதனால்தான் கேள்வி பிறந்தது. போகாமலே இருந்திருக்கலாமே என்பதுதான் கேள்வியின் உள் அர்த்தம். அதாவது, ஏழைக்கு அவசியங்கள் இருக்கலாம், சந்தோஷங்கள் இருக்கக் கூடாது; மருந்துக்காக உயிரைப் பணயம் வைத்தால் இரக்கப்படுவோம், பண்டிகைக்காக வைத்தால் புத்தி சொல்லுவோம்.

ஆனால் நான் எதற்காக மலை ஏறினேன்? சந்தோஷத்துக்காகத்தானே! நல்ல நாளும் அதுவுமாக, குழந்தை குட்டிகளோடு, மலைமேல் இருக்கிற தெய்வத்தைப் பார்க்கப் போவது, நாம் கொடைக்கானலுக்கும் ஏற்காட்டுக்கும் போவதைக் காட்டிலும் எந்த விதத்தில் குறைந்தது? புலியூர்க்காரர்கள் அன்று செய்ததும் ஓர் உல்லாசப் பிரயாணந்தான். நமக்கு அதற்கு மெத்தை வைத்த ஆசனமும் ஜன்னலும் கிடைக்கின்றன. அவர்களுக்குக் கிடைத்தது கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரு தட்டு. இரண்டு மோசமான வழிகளை மட்டும் ஒருவன் முன்னால் வைத்துவிட்டு, அவன் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும், 'நீயாகத் தேர்ந்தெடுத்தாய்' என்று சொல்வது நியாயம் ஆகாது. வீட்டில் அடைந்து கிடப்பது ஒரு வழி, வேனில் தொற்றிக்கொண்டு போவது ஒரு வழி என்று இருக்கிற இடத்தில் விவேகம் என்பது மிகவும் விலை உயர்ந்த சரக்காகிவிடுகிறது.

அதே புலியூர் இரண்டு ஆண்டுகளுக்குள் மறுபடியும் பத்திரிகைகளில் வந்தது. இந்தத் தடவை நல்ல செய்தி. 2024 பிப்ரவரியில், ஸ்ரீபதி என்ற மலையாளிப் பழங்குடிப் பெண் சிவில் நீதிபதித் தேர்வில் வெற்றி பெற்றார். அப்போது அவருக்கு வயது இருபத்துமூன்று. பிரசவமான கையோடு, பச்சை உடம்போடு, மலையை விட்டு இறங்கிச் சென்னைக்குப் போய்ப் பரீட்சை எழுதியவர். முதலமைச்சர் முதல் எல்லோரும் பாராட்டினார்கள். நானும் படித்துப் பூரித்துப்போனேன். இருந்தாலும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. வீரத்தைப் பாராட்டுவதற்கு நமக்குச் செலவு ஒன்றும் இல்லை. வீரம் இல்லாத சாதாரணப் பெண்ணும் கீழே போய்ப் படித்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்புகிறாற்போல ஒரு பாதையும் ஒரு பஸ்ஸும் இருக்கச் செய்வதற்குத்தான் செலவு ஆகும்.

இங்கே என் நண்பர் ஒருவர் குறுக்கிடுகிறார். நாகரிகமானவர், மலைகளை உண்மையாக நேசிக்கிறவர். "நீ சொல்வதெல்லாம் உருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ரோடு போட்டால் என்ன ஆகும்? முதலில் பஸ் வரும். பின்னாலேயே ரிசார்ட் வரும். பிளாஸ்டிக் வரும். மரம் வெட்டுகிறவன் லாரியோடு வருவான். நிலத்தை வளைக்கிறவன் பத்திரத்தோடு வருவான். எத்தனையோ மலைகள் அப்படிக் கெட்டுப்போனதை நீயே பார்த்திருக்கிறாய். இந்த ஒன்றாவது கெடாமல் இருக்கட்டுமே!" என்கிறார்.

இந்த வாதத்தைச் சிரித்து ஒதுக்கிவிட எனக்குத் துணிவில்லை. நண்பர் சொல்கிற தீமைகள் எல்லாம் உண்மை. ஜவ்வாது மலையின் சந்தனம் போன வழி எது? மலைவாசிகள் தலைச்சுமையாக விறகு கொண்டுபோன வழி அன்று. பெரிய மனிதர்களின் ஆசைக்குப் பெரிய வண்டிகள் வேண்டும். பெரிய வண்டிகளுக்குப் பாதை வேண்டும். பாதை வழியாக டாக்டரும் வரலாம், திருடனும் வரலாம். ஆனால் திருடனுக்குப் பயந்து டாக்டரையும் வராமல் நிறுத்துவது எந்த ஊர் நியாயம்? நம் தெருவில் திருட்டு நடந்தால் போலீஸ் வேண்டும் என்று கேட்கிறோமே தவிர, தெருவையே தோண்டிப்போட வேண்டும் என்று கேட்பதில்லையே!

சட்டம் இந்த விஷயத்தில் நம்மைவிட நிதானமாக யோசித்திருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டில் வாழ்கிற மக்களுக்குப் பள்ளிக்கூடம், மருத்துவமனை, குடிநீர், சாலை போன்ற வசதிகளுக்காகக் காட்டு நிலத்தை விட்டுக்கொடுக்க இடமளிக்கிறது. ஆனால் ஒவ்வொரு காரியத்துக்கும் நிலம் ஒரு ஹெக்டேருக்குள் இருக்க வேண்டும். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஊர்க் கிராம சபை பரிந்துரை செய்ய வேண்டும். அதாவது, பாதை வேண்டுமா, எவ்வளவு வேண்டும் என்று முதலில் வாய் திறக்க வேண்டியவர்கள் அங்கே குடியிருக்கிறவர்கள். ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போகிற என் நண்பரோ நானோ அல்ல. மரத்துக்கும் கணக்கு வைத்து, மனிதனுக்கும் வாய் கொடுத்த அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அது ஏட்டில் மட்டும் இருந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் மிச்சம்.

காந்தியடிகளே ரயிலைக் கண்டித்தவர் அல்லவா என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான். 1909-ல் எழுதிய 'இந்திய சுயராஜ்ய'த்தில் அவர் ரயிலைக் கடுமையாகவே தாக்கினார். முன்பு பக்தியுள்ளவர்கள் மட்டும் கஷ்டப்பட்டுப் போன புண்ணிய க்ஷேத்திரங்களுக்கு ரயில் வந்ததும் போக்கிரிகளும் போய்ச் சேருகிறார்கள் என்பது அவருடைய குறைகளில் ஒன்று. ஆனால் அதே காந்தி தேசமெங்கும் மூன்றாம் வகுப்பில் பிரயாணம் செய்தார். 1917-ல் மூன்றாம் வகுப்புப் பிரயாணிகள் படும் அவதியைத் தனிப் பிரசுரமாகவே எழுதினார். அங்கே இருந்த நெரிசலையும் அழுக்கையும் சுட்டிக்காட்டி, ஏழைகளை மனிதர்களாக நடத்தும்படி கேட்டார். ஏழைகள் ரயிலில் ஏறக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. சௌகரியம் வேண்டாம் என்று அவர் தமக்குச் சொல்லிக்கொண்டார்; பிறருக்கு அது கிடைக்கவில்லையே என்று வருந்தினார். துறவு என்றால் தன்னுடையதைத் துறப்பது. மலையில் இருக்கிறவனுடைய பஸ்ஸை, மலையின் அழகுக்காக, நகரத்தில் இருந்துகொண்டு துறந்துவிடுவதற்குத் துறவு என்று பெயர் இல்லை. வேண்டுமானால் என் நண்பர் காரில் மலைக்குப் போவதை நிறுத்திக்கொள்ளலாம். அது அவருடைய உரிமை, மலைக்கும் நல்லது.

அரசாங்கத்துக்கும் இந்த வித்தியாசம் புரிவதற்குச் சற்றுக் காலம் பிடிக்கிறது. தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பஸ்களில் பெண்கள் கட்டணமின்றிப் போகலாம் என்ற ஏற்பாடு 2021 மே மாதத்தில் வந்தது. கோடிக்கணக்கான பெண்களுக்கு அது ஒரு வரப்பிரசாதம். ஆனால் நகரப் பஸ் என்பது சமவெளிக்கு ஏற்ற கணக்கு. மலையில் ஓடுகிற பஸ்கள் அந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை. நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை போன்ற மலைப் பகுதிகளுக்கும் அதை விரிவாக்குவதாக 2024-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில்தான் அறிவித்தார்கள். நடந்து போக முடியாத இடத்தில் இருக்கிறவர்களுக்கு, நடந்தும் போகக்கூடிய இடத்தில் இருக்கிறவர்களுக்குப் பின்னால்தான் சலுகை போய்ச் சேர்ந்தது. இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. கீழே உட்கார்ந்து திட்டம் போடுகிறவர்களுக்கு மலை எப்போதும் ஒரு காட்சியாகவே தெரிகிறது. அங்கே பஸ்ஸுக்குக் காத்திருக்கிற முகங்கள் அவ்வளவு தூரத்திலிருந்து தெரிவதில்லை.

இதனால் மலையைப் பார்க்கப் போகிறவர்கள் குற்ற உணர்ச்சியோடு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போக வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. சந்தோஷம் பாவம் அல்ல. சந்தோஷமாகப் பார்க்கிறவன் இல்லாவிட்டால் இந்த மலைகளைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களும் குறைந்துபோவார்கள். ஆனால் வாங்கிக்கொண்ட சந்தோஷத்துக்குச் சில சின்னக் கடமைகள் உண்டு. முடிந்தவரை காரை விட்டுவிட்டுப் பஸ்ஸில் போகலாம். ஒரு வழித்தடத்தில் ஆள் ஏறினால் பஸ் நிலைக்கும். காலியாக ஓடினால் என்றைக்காவது நிறுத்திவிடுவார்கள். நாம் கொடுக்கிற டிக்கெட் காசில் ஒரு கிழவியின் மாத்திரையும் மலை ஏறுகிறது. சந்தையும் ஆஸ்பத்திரியும் முடிந்து உள்ளூர்க்காரர்கள் திரும்புகிற மாலைப் பஸ்ஸை அவர்களுக்கு விட்டுவிட்டு, நாம் காலைப் பஸ்ஸில் போகலாம். நின்றுகொண்டு வருகிறவர் கேட்பதற்கு முன்னால் எழுந்து இடம் கொடுக்கலாம். நமக்கு அந்தக் காட்சி ஒரு நாளைக்கு. இடம் போனால் நஷ்டம் கொஞ்சந்தான்.

இவற்றைவிட முக்கியமான கடமை ஒன்று இருக்கிறது. அதை நம் முன்னோர்கள் அறிந்திருந்தார்கள். ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் செங்கம் என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஆண்ட நன்னன் என்ற மன்னனைப் பற்றிப் பெருங்கௌசிகனார் பாடியது மலைபடுகடாம். பத்துப்பாட்டில் அது ஒன்று. 583 அடிகள் கொண்டது. மன்னனைப் புகழ்கிற பாட்டு என்று பெயர் இருந்தாலும் அதில் பெரும் பகுதி ஒரு பிரயாண வழிகாட்டி. மலை வழியாகப் போய்ப் பரிசு பெற்றுத் திரும்புகிற ஒரு கூத்தன், எதிரே பசியோடு வருகிற வேறொரு கூத்தனுக்கு வழி சொல்கிறான். பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், தினைப்புனத்தில் கவண் கல் எப்படிப் பறந்து வரும், பாசி படர்ந்த வழுக்குப் பாறையில் எப்படி எச்சரிக்கையாகப் போக வேண்டும், எந்த ஊரார் என்ன சோறு போடுவார்கள், எல்லாவற்றையும் சொல்கிறான். மலையின் அழகையும் சொல்கிறான். அருவியின் ஓசையைக்கூட விடவில்லை. அழகும் அபாயமும் மனிதர்களும் அந்தப் பாட்டில் ஒன்றாகவே வருகிறார்கள். இதற்கு ஆற்றுப்படை என்று பெயர். வழியில் பலன் அடைந்தவன், பின்னால் வருகிறவனுக்கு அந்த வழியைப் பற்றிய முழு உண்மையைச் சொல்லக் கடமைப்பட்டவன் என்பதுதான் அந்த இலக்கியத்துக்கு அடிப்படை.

நாமும் மலைக்குப் போய்வந்து சொல்கிறோம். எந்த வளைவில் நின்றால் படம் நன்றாக விழும், எங்கே தேன் வாங்கலாம், எந்த மாதத்தில் பனி இறங்கும் என்றெல்லாம் சொல்கிறோம். சொல்லட்டும், நல்லதுதான். அதோடு கூட, அந்தப் பாதையில் யார் யார் போகிறார்கள், எந்த வண்டியில் எப்படிப் போகிறார்கள், பஸ் எந்த இடத்தோடு நின்றுவிடுகிறது, அதற்கு மேலே இருக்கிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாத வர்ணனை எவ்வளவு அழகாக இருந்தாலும் பாதிதான். நாம் போகிற பாதையில் நம்மைக் காட்டிலும் அதிகத் தடவை போகிறவர்களை விட்டுவிட்டு அந்தப் பாதையைப் பற்றி உண்மை பேச முடியாது.

யுகாதி வருஷா வருஷம் வருகிறது. புலியூரிலிருந்து சேம்பரைக்குச் சுவாமி பார்க்கப் போகிற ஆசையும் வருஷா வருஷம் வரத்தான் செய்யும், வரவும் வேண்டும். அவர்கள் உட்கார்ந்து போக வேண்டும். கிழவிகள் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டும், ஆண்கள் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டும், குழந்தைகள் ஜன்னலோரத்து இடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டும் போக வேண்டும்.